கிருமி இருக்கிறது, நோய் இல்லை

ஸ்வீடனில் 1990களில் குதிரை மருத்துவர்களைத் திணறடித்த ஒரு நோய் இருந்தது. நோய்ப்பட்டது குட்டி, மருந்து குடித்ததும் குட்டி. ஆனால் சாகக் கிடந்தது தாய்.

குட்டிகளுக்கு வந்திருந்தது ரோடோகாக்கஸ் ஈக்வி என்ற பாக்டீரியா உண்டாக்கும் நிமோனியா. மாக்னுசன் என்ற ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் 1923இல் முதன்முதலாக இனங்கண்ட கிருமி அது. லாயத்து மண்ணில் கிடக்கும், புழுதியோடு மூச்சில் ஏறும், சில மாதக் குட்டிகளின் நுரையீரலில் சீழ்க்கட்டிகளை உண்டாக்கும். அதற்கு அன்று கைகண்ட மருந்து எரித்ரோமைசினும் ரிஃபாம்பிசினும் சேர்ந்த கூட்டு. குட்டிக்கு வாய்வழியாக ஊட்டினார்கள். குட்டி தேறி வந்தது. அருகில் நின்ற தாய்க்குதிரைக்கோ சில நாட்களில் கடும் கழிச்சல் கண்டது. ஒரு துளி மருந்தும் அதற்கு யாரும் கொடுத்திருக்கவில்லை.

விவரம் ஆய்வில் தெளிந்தது. குட்டியின் லத்தியில் மருந்து கொஞ்சம் வெளியேறுகிறது. தாய் குட்டியை நக்குகிறது, முகர்கிறது, அதே வைக்கோலில் மேய்கிறது. அப்படி அதன் வயிற்றுக்குள் போன மிகச் சிறிய அளவு எரித்ரோமைசினே பெருங்குடலில் இருந்த நல்ல பாக்டீரியாக்களைக் குலைத்துவிட்டது. காலியான இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமி பெருகியது. இப்படிக் கழிச்சல் கண்ட 11 தாய்க்குதிரைகளில் 5இல் அந்தக் கிருமியோ அதன் நஞ்சோ கிடைத்தது. மருந்து குடிக்காத குட்டிகளோடு இருந்த ஆரோக்கியமான தாய்களில் அது அகப்படவில்லை.

குதிரைகளின் குடலில் தீய பாக்டீரியாக்கள் எவ்வளவு பரவலாக இருக்கின்றன என்று கேட்பவர் பெரும்பாலும் ஒற்றைச் சதவீதத்தைத்தான் எதிர்பார்க்கிறார். அப்படி ஒரு எண் கிடையாது. எந்த வயதுக் குதிரை, எங்கே நிற்கிற குதிரை, நேற்று அதற்கு என்ன கொடுத்தோம் என்பதையெல்லாம் சேர்த்துக் கேட்டால்தான் பதில் வரும். அந்தப் பதிலில் கிருமியின் பங்குக்குக் குறையாமல் மனிதனின் பங்கும் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் அந்தக் குடலைப் பார்த்துவிட வேண்டும். மாடு புல்லை முன்பக்கமே, இரைப்பை அறைகளில் நொதிக்க வைக்கிறது. குதிரைக்கு அந்த வேலை நடப்பது பின்பக்கத்தில். உடலின் பருமனுக்கு அதன் இரைப்பை மிகச் சிறியது, 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். சிறுகுடலைத் தாண்டியதும் குருட்டுக்குடல் என்ற பெரிய பை வருகிறது. சுமார் ஒரு மீட்டர் நீளம், 30 லிட்டர் அளவு. அதற்கப்புறம் 3 முதல் 4 மீட்டர் நீளமுள்ள பெருங்குடல், அடிவயிற்றுக்குள் இரண்டாக மடிந்து கிடக்கிறது. ஒரு மில்லிலிட்டர் குடல்நீரில் நூறு கோடிக்கு மேல் பாக்டீரியாக்கள் இருக்கும். புல்லின் நாரைச் சிதைக்கும் நொதி குதிரையின் உடலில் சுரப்பதில்லை. பாக்டீரியாக்களே அதைச் சிதைத்து அசிட்டிக், புரோபியோனிக், பியூட்ரிக் அமிலங்களாக மாற்றித் தருகின்றன. அவை குடல்சுவர் வழியாக ரத்தத்தில் கலக்கின்றன. புல் மேயும் குதிரைக்கு வேண்டிய ஆற்றலில் பாதிக்கும் மேல் இப்படித்தான் கிடைக்கிறது.

இந்த அமிலங்கள் உணவு மட்டுமல்ல, காவலும் கூட. இட்லி மாவு நன்றாகப் புளித்துவிட்டால் அந்தப் புளிப்பே வேறு கிருமிகளை அண்டவிடாது. குதிரையின் பெருங்குடலிலும் கிட்டத்தட்ட அதுதான் நடக்கிறது. நாரைத் தின்னும் பாக்டீரியாக்கள் இடத்தையும் இரையையும் பிடித்துக்கொள்கின்றன, அவை விடும் அமிலங்கள் சால்மோனெல்லா போன்றவற்றை அடக்கி வைக்கின்றன. குதிரை பட்டினி கிடந்தால் அமிலம் குறையும், காவலும் தளரும். நீண்ட தூரம் லாரியில் நின்றபடி பயணம் செய்து, தண்ணீரும் தீனியும் ஒழுங்காகக் கிடைக்காமல் வந்து இறங்கும் குதிரைக்கு இரண்டொரு நாளில் கழிச்சல் வருவது குதிரை வளர்ப்பவர்கள் வெகுகாலமாகக் கண்ட அனுபவம்.

சால்மோனெல்லாவிலிருந்தே எண்களைப் பார்க்கலாம். அமெரிக்க வேளாண்மைத் துறை 1998, 1999 ஆண்டுகளில் 28 மாநிலங்களின் பண்ணைகளில் லத்தி மாதிரிகள் எடுத்துச் சோதித்தது. நாட்டின் பண்ணைக் குதிரைகளில் சால்மோனெல்லாவை வெளியேற்றுபவை 0.8 சதவீதம் என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது. ஆயிரத்துக்கு எட்டு. கேட்பதற்கு மிகக் குறைவுதான். ஆனால் சால்மோனெல்லாவைச் சுமக்கும் குதிரை அதைத் தினமும் லத்தியில் விடுவதில்லை. இன்று விடும், நாளை விடாது, ஒரு வாரம் கழித்து மீண்டும் விடும். கடும் கழிச்சல் உள்ள குதிரையிலோ லத்தி தண்ணீராகப் போவதால் கிருமி நீர்த்துப்போய்ச் சோதனைக்கு அகப்படாமலும் போகும். அதனால்தான் சால்மோனெல்லா இல்லை என்று சொல்வதற்கு முன் மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து மாதிரிகளை வளர்த்துப் பார்க்கின்றன. ஒரே மாதிரியை வைத்துப் போட்ட கணக்கு எப்போதும் உண்மைக்குக் கீழேதான் நிற்கும். பிசிஆர் சோதனை இதைவிட நுட்பமானது, ஆனால் செத்த கிருமியின் டிஎன்ஏவையும் அது காட்டிவிடும். எந்தச் சோதனையால் வந்த எண் என்று கேட்காமல் எந்தச் சதவீதத்தையும் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

கிளாஸ்ட்ரிடியம் வகைகளின் கதை வேறு. இவை ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழ்பவை. வெளியே வந்தால் தடித்த உறைக்குள் வித்தாக உறங்கிவிடும். குதிரை லத்தியில் கலந்து வைத்த கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் குறைந்தது நான்கு ஆண்டுகள் உயிரோடு இருந்ததை ஸ்வீடன் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இந்தக் கிருமியை 1935இல் ஹாலும் ஓட்டூலும் முதன்முதலில் கண்டெடுத்தது நலமாக இருந்த மனிதக் குழந்தைகளின் மலத்தில். பச்சிளம் குடலில் அது நோய் செய்யாமல் இருக்கும் என்பது அன்றே வெளிப்பட்டுவிட்டது. குதிரைக்குட்டிகளிலும் அப்படித்தான். ஸ்வீடனில் பிறந்து 14 நாட்களுக்குள் இருந்த நலமான குட்டிகளில் 29 சதவீதத்தில் இது இருந்தது. ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டபோது கழிச்சல் கண்ட வளர்ந்த குதிரைகளில், 43க்கு 18இல் கிடைத்தது. நலமாக இருந்த வளர்ந்த குதிரைகளில் அது மிக அரிது.

இந்த மூன்று தகவல்களையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். குட்டியிடம் கிருமி இருக்கிறது, நோய் இல்லை. வளர்ந்த குதிரையிடம் சாதாரண நாளில் கிருமியே தென்படுவதில்லை. மருந்துக்குப் பின் கழிச்சல் கண்ட குதிரைகளில் பத்தில் நான்கிடம் அது வந்து நிற்கிறது. அத்தனை குதிரைகளும் புதிதாக எங்கிருந்தோ வாங்கிக்கொண்டன என்று சொல்ல முடியாது. கண்டுபிடிக்க முடியாத அளவில் உள்ளே இருந்தவையும் உண்டு, வழியில் வந்துபோகும் விருந்தாளியாக இருந்தவையும் உண்டு.

விருந்தாளி என்பதற்குச் சான்று கனடாவின் ஒன்டாரியோவிலிருந்து கிடைக்கிறது. அங்கே 25 நலமான குதிரைகளை மாதந்தோறும் தொடர்ந்து சோதித்தார்கள். மொத்த மாதிரிகளில் ஏறத்தாழ 5 சதவீதத்தில்தான் நஞ்சு சுரக்கும் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் இருந்தது. ஆனால் ஏதாவது ஒரு மாதத்திலாவது அகப்பட்ட குதிரைகளை எண்ணினால் பத்து. அதாவது 40 சதவீதம். ஒன்றுக்கு மேற்பட்ட முறை அகப்பட்ட குதிரைகள் சிலவற்றில் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு ரகம் இருந்தது. கிருமி வந்து தங்கிப்போகிறது, மறுபடி வேறொன்று வருகிறது. ஒரு நாள் போய் எண்ணினால் 5, ஓர் ஆண்டு நின்று எண்ணினால் 40. இரண்டு எண்ணும் ஒரே மந்தையின் உண்மைதான்.

இன்னொரு கிளாஸ்ட்ரிடியமான பெர்ஃபிரிஞ்சன்ஸ் இதைவிடத் தெளிவான பாடம். அமெரிக்காவில் ஆறு பண்ணைகளின் தாய்களையும் குட்டிகளையும் சோதித்தபோது, பிறந்து மூன்று நாளான குட்டிகளில் 90 சதவீதத்தின் லத்தியில் அது இருந்தது. ஒன்றிரண்டு மாதக் குட்டிகளிலும் தாய்களிலும் அதைவிடக் குறைவு. ஏறக்குறைய எல்லாக் குட்டிகளிலும் இருக்கும் ஒன்றை எப்படி நோய்க்கிருமி என்பது? அதே பெர்ஃபிரிஞ்சன்ஸின் சி வகைதான் சில நாள் குட்டியை ரத்தக் கழிச்சலில் ஒரே நாளில் கொன்றுவிடுகிறது. அந்த ஆய்வில் சி வகை ஒரு சதவீதத்துக்கும் குறைவு, பெரும்பான்மை ஏ வகை. வகையைப் பிரித்தும் முழுத் தெளிவு வரவில்லை, ஏனென்றால் ஏ வகையோடும் குட்டிகள் செத்தன. 2015இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகக் குழு இதற்கு ஒரு விடை கண்டது. குடல் அழுகிச் செத்த குட்டிகளின் கிருமிகளில் நெட்எஃப் என்ற புதிய நஞ்சின் மரபணு இருந்தது. அந்த நஞ்சு குடல் செல்களின் சவ்வில் துளை போடுகிறது. ஆக, லத்தியில் பெர்ஃபிரிஞ்சன்ஸ் இருக்கிறது என்று ஆய்வுக்கூடம் எழுதித் தந்தால் அதற்கு மட்டும் பெரிய பொருள் இல்லை. எந்த நஞ்சு என்று கேட்க வேண்டும். டிஃபிசிலுக்கும் இதே விதிதான். நஞ்சு சுரக்காத ரகங்கள் அதில் உண்டு, அவை குடலில் சும்மா இருந்துவிட்டுப் போகும்.

குட்டிகளின் குடலுக்குள் இவ்வளவு சீக்கிரம் இவை எப்படி வந்தன என்று திகைக்க வேண்டாம். குட்டி பிறந்த முதல் சில வாரங்களில் தாயின் புதிய லத்தியைத் தின்னும். பார்ப்பவர்கள் பதறிப்போய்த் துரத்துவார்கள். நார் செரிக்கும் பாக்டீரியாக்களைத் தன் குடலில் குடியேற்ற இயற்கை அதற்குக் கொடுத்திருக்கும் வழி அது. நல்லவை வரும் வழியில்தான் மற்றவையும் வருகின்றன.

இதுவரை சொன்னது பண்ணைக் கணக்கு. மருத்துவமனைக்குள் நுழைந்தால் எண்கள் ஏறுகின்றன. அங்கே வரும் குதிரை ஏற்கெனவே வயிற்றுவலியில் துடிப்பது, பட்டினி போடப்பட்டது, பயணம் செய்து வந்தது, அறுவைக்காக ஆன்டிபயாடிக் பெற்றது. குடலின் காவலைத் தளர்த்தும் அத்தனையும் ஒரே நாளில் அதற்கு நேர்கிறது. அதனால் வயிற்றுவலியோடு வரும் குதிரைகளில் சால்மோனெல்லாவை வெளியேற்றுபவை பண்ணைக் குதிரைகளைப் போலப் பல மடங்கு, சில ஆய்வுகளில் பத்தில் ஒன்றுக்கு அருகில். பக்கத்துக் கொட்டடியில் நிற்பதும் அதே போலத் தளர்ந்த குதிரை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக ஒரு வாளி, ஒரு வெப்பமானி, ஒரு காலணி போதும்.

இதன் உச்சத்தைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நியூ போல்டன் மருத்துவமனை 2004இல் கண்டது. பல ஆன்டிபயாடிக்குகளுக்கும் அசையாத சால்மோனெல்லா நியூபோர்ட் அங்கே பரவியது. 61 விலங்குகள் பாதிக்கப்பட்டன, அவற்றில் 36 சதவீதம் இறந்தன. உலகின் சிறந்த குதிரை மருத்துவர்கள் வேலை செய்யும் இடம் அது. கடைசியில் நோயாளிகளைச் சேர்ப்பதையே நிறுத்திவிட்டுக் கட்டடத்தைச் சுத்திகரிக்க வேண்டியதாயிற்று. செலவும் இழப்புமாக 41 லட்சம் டாலருக்கு மேல் ஆனதாக அந்த மருத்துவர்களே கணக்கிட்டு, எதையும் மறைக்காமல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அந்த நேர்மையால் மற்ற மருத்துவமனைகள் பாடம் படித்தன. கழிச்சல் குதிரைகளுக்குத் தனிக் கொட்டடி, தனி ஆள், கால்நனைக்கும் மருந்துத் தொட்டி, தரையிலிருந்தும் வடிகாலிலிருந்தும் மாதிரி எடுத்துச் சோதிப்பது ஆகியவை இன்று பெரிய குதிரை மருத்துவமனைகளில் அன்றாட வழக்கம்.

மருந்தைப் போலவே தீனியும் குடலைக் கவிழ்க்கும். குதிரையின் சிறுகுடலால் ஒரு வேளைக்கு ஓரளவு மாவுச்சத்தைத்தான் செரிக்க முடியும். இன்றைய பரிந்துரை, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் அளவோடு நிறுத்துவது. அதற்கு மேல் போனது செரிக்காமல் பெருங்குடலுக்குள் வழியும். அங்கே ஸ்ட்ரெப்டோகாக்கஸும் லாக்டோபேசில்லஸும் அதைத் தின்று லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். காவலாக இருந்த மிதமான புளிப்பு எல்லை மீறி, நார் தின்னும் பாக்டீரியாக்களே சாகும். குடல்சுவர் புண்ணாகும், செத்த பாக்டீரியாக்களின் நஞ்சு ரத்தத்தில் ஏறும், குளம்புக்குள் இருக்கும் மென்திசு வீங்கிக் குதிரை நிற்க முடியாமல் போகும்.

பாண்டிய நாட்டைப் பற்றி மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதியதை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அரேபிய, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து அரசர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் குதிரைகள் வாங்கினார் என்றும், ஆண்டு முடிவில் நூறு கூட மிஞ்சுவதில்லை என்றும், சோறும் வேகவைத்த இறைச்சியும் அவற்றுக்குத் தீனியாகப் போடப்பட்டன என்றும் அவர் குறித்திருக்கிறார். பயணியின் கணக்கில் மிகை இருக்கலாம். வெப்பம், வேறு நோய்கள், நீண்ட கடல் பயணம் எல்லாம் சேர்ந்தே கொன்றிருக்கும். ஆயினும் கடலில் வாடி வந்த குதிரைக்குப் புல்லைக் குறைத்துச் சோற்றைப் போட்டால் அதன் பெருங்குடலில் என்ன நடக்கும் என்பது இன்று நமக்குத் தெரியும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். கடும் கழிச்சலோடு வரும் குதிரைகளில் ஏறக்குறைய பாதிக்கு, எல்லாச் சோதனையும் செய்த பிறகும், குறிப்பிட்ட எந்தக் கிருமியும் கிடைப்பதில்லை. அந்தக் குதிரைகளுக்கு என்ன ஆனது? 2012இல் குவெல்ஃபில் கோஸ்டாவும் வீஸும் அவர்களது குழுவினரும் குற்றவாளியைத் தேடுவதை விட்டுவிட்டு, லத்தியில் இருந்த மொத்த பாக்டீரியாச் சமூகத்தையும் டிஎன்ஏ மூலம் கணக்கெடுத்தார்கள். நலமான குதிரைகளில் ஃபெர்மிக்யூட்ஸ் என்ற பெரும் பிரிவு 68 சதவீதம் இருந்தது. கழிச்சல் குதிரைகளில் அது 30க்கு இறங்கியிருந்தது. பாக்டீராய்டீட்ஸ் பிரிவு 14இலிருந்து 40க்கு ஏறியிருந்தது. ஆய்வில் இருந்தவை மொத்தம் 16 குதிரைகள்தான், அதனால் எண்களைக் கல்லில் எழுத வேண்டியதில்லை. ஆனால் அது காட்டிய திசை பெரியது. பல குதிரைகளில் நோய் என்பது ஒரு கிருமியின் படையெடுப்பாக இல்லாமல் ஒரு சமூகத்தின் சரிவாக இருக்கிறது. அந்தச் சரிவில் எந்தக் கிருமி முன்னால் வந்து நிற்கும் என்பது அன்று அங்கே யார் இருந்தார்கள் என்பதைப் பொறுத்தது.

அப்படியானால் நல்ல பாக்டீரியாவை மாத்திரையாகக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். புதிதாகப் பிறந்த குட்டிகளுக்குப் புரோபயாட்டிக் கொடுத்து முறையாகச் சோதித்தார்கள். புரோபயாட்டிக் பெற்ற குட்டிகளுக்குத்தான் மருத்துவர் தேவைப்படும் அளவுக்குக் கழிச்சல் அதிகம் வந்தது. 2005இல் ஒருமுறையும் 2015இல் ஒருமுறையும் இதே முடிவு. கடையில் விற்கும் பொடிகளின் அட்டையில் இதை யாரும் எழுதுவதில்லை. குட்டிக்கு அவற்றை வாங்கிக் கொடுக்க நினைப்பவர் இதை அறிந்திருக்க வேண்டும்.

நோய் வந்த பிறகு செய்யக்கூடியவை எளிமையானவை, கடினமானவையும் கூட. வளர்ந்த குதிரை கழிச்சலில் ஒரே நாளில் பல பத்து லிட்டர் நீரை இழக்கும், அதை ரத்தக்குழாய் வழியாக ஈடுகட்ட வேண்டும். நஞ்சைப் பிடித்துக்கொள்ளும் ஸ்மெக்டைட் என்ற களிமண்ணைக் கரைத்துக் குழாய் வழியே இரைப்பைக்குள் விடுகிறார்கள். குளம்புகளைக் காக்க நான்கு கால்களையும் நாள்கணக்கில் பனிக்கட்டியில் வைக்கிறார்கள். டிஃபிசில் என்று உறுதியானால் மெட்ரோனிடசோல். சால்மோனெல்லா என்றால் பல நேரங்களில் ஆன்டிபயாடிக் உதவுவதே இல்லை, மிஞ்சியிருக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் அது அழித்துவிடும்.

குதிரை வைத்திருப்பவர்கள், வண்டிக்குதிரை, சவாரிக்குதிரை, பந்தயக் குதிரை எதுவானாலும், சிலவற்றைக் கைக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மிச்சம் இருக்கிறதே என்று ஆன்டிபயாடிக்கை நீங்களாகக் கொடுக்காதீர்கள். குட்டிக்கு எரித்ரோமைசின் கொடுக்க நேர்ந்தால் குட்டியின் வாயையும் தாயின் தீனித்தொட்டியையும் கழுவுங்கள், லத்தியை உடனுக்குடன் அள்ளுங்கள். தீனியை மாற்றும்போது ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு சிறிது சிறிதாக மாற்றுங்கள், தானியம் எவ்வளவு கொடுத்தாலும் புல்லையோ வைக்கோலையோ குறைக்காதீர்கள். கழிச்சல் கண்ட குதிரையைத் தனியே கட்டி, அதற்கென்று தனி வாளியும் தனி ஆளும் வையுங்கள். கொட்டடியைக் கழுவும்போது முதலில் சோப்புத் தண்ணீரால் லத்தியை முழுக்கத் தேய்த்து நீக்கிவிட்டுப் பிறகு பிளீச்சிங் கரைசலை ஊற்றுங்கள், அழுக்கின் மேல் ஊற்றிய பிளீச் வேலை செய்யாது. சால்மோனெல்லா குதிரையிலிருந்து மனிதருக்கும் தொற்றும், வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஆல்கஹால் கலந்த கைச்சுத்திகரிப்புத் திரவம் கிளாஸ்ட்ரிடிய வித்துகளைக் கொல்லாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால்தான் அவை கையை விட்டுப் போகும்.